இரண்டு நாள் தங்கை

ஒன்பது வருடங்களில் மொத்தம் பதினெட்டு நாட்கள் சலவையக்கா தன் சொந்தத் தங்கையாக இருந்தாள். மற்ற நாட்களில் அவள் அவளாகவே இருந்தாள்.

எங்கள் தெருவில் அவளை எல்லோரும் சலவையக்கா என்றுதான் கூப்பிடுவோம். வீட்டில் துணி துவைக்கிறவள் என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டுத் துணியை அவள் கணவர்தான் துவைப்பார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மூன்று மணி வரை அவருக்கு வேலையில்லை. அந்த நேரத்தில் துவைப்பார், சமைப்பார், வாசலில் நிழல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து வேனை நகர்த்திக்கொண்டே இருப்பார். "நாள் முழுக்க ஊரார் துணியப் பாத்துட்டு வர்றவகிட்ட என் சட்டையையும் நீட்டினா நான் மனுஷனா?" என்பார். "நீட்டித்தான் பாருங்களேன்" என்பாள் அக்கா.

அவள் வேலை பார்த்தது பெரிய மருத்துவமனையில். ஏழு மாடிக் கட்டடம். சலவைப் பிரிவு எல்லாவற்றுக்கும் கீழே, கார்கள் நிற்கும் தளத்துக்கும் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. வெளியே மழை பெய்கிறதா என்பதை மதிய ஷிப்டுக்கு வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். ஆறு துவைக்கும் இயந்திரங்கள், நான்கு உலர்த்தும் இயந்திரங்கள், கட்டில் அகலத்துக்கு ஓர் இஸ்திரி உருளை. உருளையின் ஆவியில் எல்லோருக்கும் புருவத்தில் எப்போதும் தண்ணீர் நிற்கும்.

மாடிகளிலிருந்து அழுக்குத் துணி மூட்டைகள் ஒரு பெரிய குழாய் வழியாக வந்து விழும். விழுந்ததை அவிழ்த்துப் பிரிப்பது அக்காவின் வேலை. ரத்தம் பட்டது ஒரு பக்கம், மருந்து பட்டது ஒரு பக்கம், குழந்தைகள் பிரிவு ஒரு பக்கம், டாக்டர் கோட்டுகள் தனி. பிரிக்கும்போதே பைகளைத் துழாவ வேண்டும். பேனா வரும், சாவி வரும், பாதி கடித்த பிஸ்கட் வரும். ஒரு தடவை தலையணை உறைக்குள் உயிரோடு ஓர் ஆமைக்குட்டி வந்தது. குழந்தைகள் பிரிவு.

"கோட்டுப் பையப் பாத்தாலே ஆளு யாருன்னு சொல்லிடுவேன்" என்பாள் அக்கா. "எலும்பு டாக்டருக்கு வாயுத் தொல்லை. நாலு பையிலயும் மாத்திரை. பாவம், முன்னாடி நின்னு பேசற நோயாளிக்கு அது தெரியாது."

சலவைப் பிரிவில் வேலை செய்கிறவர்கள் மூன்று நிறம். நீலக் கோட்டு நிரந்தரம். சாம்பல் கோட்டு ஒப்பந்தம். மஞ்சள் கோட்டு தினக்கூலி. ஆள் குறைந்த நாளில் வாசலில் நிற்பவர்களைக் கூப்பிட்டு மாட்டிவிடுவது. கிருமிக்காக எல்லோரும் முகமூடியும் தலைக்குத் தொப்பியும் போட்டிருப்பார்கள். ஆகவே மேலிருந்து யாராவது இறங்கி வந்தால் அவர்களுக்குத் தெரிவது கோட்டும் இரண்டு கண்களும்தான். பெரும்பாலும் கண்கள் வரைக்கும் வர மாட்டார்கள்.

நீலத்துக்கு நாற்காலி உண்டு. சாம்பலுக்குக் கிடையாது. மஞ்சளுக்கு இது பற்றி விதியே எழுதப்படவில்லை. அதனால் மஞ்சள் தாராளமாக உட்காரலாம். உட்கார்ந்தால் மறுநாள் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான். டீ நீலத்துக்குப் பத்து மணிக்கு, சாம்பலுக்குப் பத்தேகாலுக்கு. ஒரே பாத்திரத்து டீ, கால் மணி நேரம் கூடுதலாகக் கொதித்தது. "நமக்குத்தான் ஸ்ட்ராங் டீ" என்று சாம்பல்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். நீலக் கோட்டுக்காரர்களில் ஒருவர் இதைக் கேட்டுப் பொறாமைப்பட்டு, தனக்கும் பத்தேகால் டீ வேண்டும் என்று மனுக் கொடுத்தார். அது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

ஒரு வருடம் இடைவெளியில்லாமல் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. மருத்துவமனை சட்டத்தை மதித்தது. அதனால் வருடம் முடிவதற்குள் ஒவ்வொரு சாம்பல்காரரையும் இரண்டு நாள் வீட்டுக்கு அனுப்பிவிடும். அதற்குப் 'புத்துணர்வு விடுப்பு' என்று பெயர். பெயர்தான் விடுப்பு. அந்த இரண்டு நாளும் அவர்கள் வேலையில் இல்லாதவர்கள். மூன்றாம் நாள் வந்தால் புதிதாகச் சேர்ந்தவர்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அறிமுக வகுப்பு உண்டு. அக்கா ஒவ்வொரு வருடமும் அந்த வகுப்பில் உட்காருவாள். அவள் அங்கே நாற்காலியில் உட்காரும் ஒரே நேரம் அது என்பதால் அதில் அவளுக்கு வருத்தமில்லை. கை கழுவுவது எப்படி என்று ஒரு படம் போடுவார்கள். படத்தில் முகம் வராது. சோப்புப் போடும் இரண்டு கைகள் மட்டும் வரும். அவை அக்காவின் கைகள். நான்காவது வருடம் எடுத்தது.

"சந்தேகம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டான் வகுப்பு எடுக்கும் இளைஞன்.

"அந்தக் கை யாருதுங்க?"

"ஏதாவது நடிகையோடதா இருக்கும்."

அந்தச் சந்தோஷத்தில் அவள் ஒரு வாரம் நடந்தாள். வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு பீங்கான் குவளை கொடுப்பார்கள். 'எங்கள் குடும்பத்துக்கு உங்களை வரவேற்கிறோம்' என்று அதில் எழுதியிருக்கும். அக்கா வீட்டில் அப்படிப் பத்துக் குவளைகள். ஒன்றில் வெங்காயம், ஒன்றில் வேன்காரரின் ஸ்க்ரூக்கள், ஒன்றில் மகளின் பென்சில்கள். ஒரே குடும்பத்துக்குள் பத்துத் தடவை வரவேற்கப்பட்டவள் எங்கள் தெருவில் அவள் ஒருத்திதான்.

தங்கை பிறந்தது முதல் வருட விடுப்பில். அக்கா வீட்டில் இருந்தாள், மூட்டைகள் விழுந்துகொண்டிருந்தன. வாசலிலிருந்து பிடித்து வந்த மஞ்சள் ஆட்கள் ரத்த மூட்டையை அவிழ்த்ததும் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார்கள். மேற்பார்வையாளர் ஃபோன் செய்தார். அடித்தள வெக்கைக்காக அவர் கழுத்தில் எப்போதும் ஓர் ஈரத்துண்டு கிடக்கும். அவருக்குப் பெயரே ஈரத்துண்டு. சுபாவமும் கிட்டத்தட்ட அதுதான். யார் பிழிந்தாலும் கொஞ்சம் சொட்டும்.

"அம்மா, மூட்டை குழாய் வாய் வரைக்கும் வந்துடுச்சு."

"நான் இப்ப வேலையிலயே இல்லையே சார்."

"தெரியும். உனக்குத் தங்கச்சி இருக்கா?"

"இல்ல சார்."

"இருக்குன்னு வெச்சுக்கோ. வரச் சொல்லு."

மஞ்சள் கோட்டுக்குப் பெயர் கேட்க மாட்டார்கள், தலைதான் எண்ணுவார்கள். அவள் போனாள். அடுத்த வருடமும் போனாள். முதலில் எல்லோருக்கும் அது விளையாட்டாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. உருளையில் நிற்கும் நீலக்கோட்டு அண்ணன் மஞ்சளைப் பார்த்தால், "என்னம்மா, உங்க அக்கா எப்படி இருக்காங்க?" என்பார்.

"முட்டி வலின்னு படுத்திருக்காண்ணா."

"நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லு. புத்துணர்வு வேணுமில்ல?"

ஈரத்துண்டுக்கு ஒரு கட்டத்தில் தங்கையையே அதிகம் பிடித்துப்போனது. "உன் தங்கச்சி பரவால்லம்மா. எதுத்துப் பேசறதில்ல" என்று ஒரு நாள் அக்காவிடமே சொன்னார். அன்று முழுக்க அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு நாள் வர்றவ எதுத்துப் பேச என்னங்க இருக்கு? எங்கள மாதிரி வருஷம் முழுக்க நின்னு பாக்கட்டும்" என்று வீட்டில் வேன்காரரிடம் பொரிந்தாள். தங்கை மேல் அவளுக்கு உண்மையிலேயே கோபம்.

முட்டி வலி மட்டும் விளையாட்டில்லை. வலது முட்டி. மாலையில் தெருமுனையிலேயே அவள் நடையில் தெரியும். எலும்பு டாக்டர் ஒரு நாள் தன் சாவியைத் தேடிக் கீழே வந்தவர், அவள் சாவியை எடுக்கக் குனிந்து நிமிர்ந்ததைப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரே எடுக்க வைத்துச் சொன்னார்: அறுவை செய்ய வேண்டும், ஆறு வாரம் நிற்கக் கூடாது, தள்ளிப்போட்டால் பிறகு நடையே போய்விடும். நீலமாக இருந்தால் அறுவையும் இலவசம், ஆறு வாரமும் சம்பளத்தோடு விடுப்பு. சாம்பல் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் வராவிட்டால் ஒப்பந்தம் தானாக முடிந்துவிடும். அக்கா மகளிடம் இதைச் சொல்லவில்லை. மகள் அதைப் பக்கத்து வீட்டில், சுவருக்கு இந்தப் பக்கம், என் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

ஒன்பதாவது விடுப்பின் இரண்டாம் நாள் ஒரு துண்டுக்குள்ளிருந்து பல்செட் வந்தது.

துண்டின் ஓரத்தில் பச்சைக் கோடு. பெரிய டாக்டரின் அறைத் துண்டுகளுக்கு மட்டும்தான் அது இருக்கும். பச்சைக் கோட்டுத் துண்டுகள் முதல் இயந்திரத்தில், வேறு எதோடும் சேராமல், மூன்றே மூன்றாகச் சுற்றும். அன்றைக்கு ஏழாவது மாடியில் நன்கொடையாளர்கள் கூட்டம். பதினொரு மணிக்குப் பெரிய டாக்டர் பேச வேண்டும். அவர் பல்லைக் கழுவித் துண்டில் வைத்திருக்கிறார். அறையைச் சுத்தம் செய்தவர் துண்டைக் குழாயில் போட்டுவிட்டார்.

சாம்பலாக இருந்தால் அவள் அதை ஈரத்துண்டிடம் கொடுத்திருப்பாள். ஈரத்துண்டு, கண்டெடுத்ததை வைக்கும் பொருள் அறைக்கு அனுப்புவார். பொருள் அறை மூன்று நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டும். ஆனால் அன்று அவள் மஞ்சள். மஞ்சளுக்கு இது பற்றியும் விதியில்லை. சாம்பல் ஏறக் கூடாத முன்பக்க லிஃப்டில் ஏறி ஏழாவது மாடிக்குப் போனாள்.

பெரிய டாக்டர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். அவள் துண்டை விரித்துக் காட்டியதும் வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். திரும்பி வந்தபோது பல்லோடு வந்தார்.

"யாரும்மா நீ? தெய்வம் மாதிரி வந்தியே."

அவள் முகமூடியை இறக்கினாள். "சலவையில துணி பிரிக்கிறாங்களே, அவங்க தங்கச்சிங்க."

"யாரு பிரிக்கிறாங்க?"

"அக்காதாங்க" என்றாள்.

மூன்றாம் நாள் அவள் சாம்பலாகத் திரும்பி, தன் கைகள் சோப்புப் போடுவதைப் பார்த்துவிட்டு, பத்தாவது குவளையோடு கீழே வந்தபோது ஈரத்துண்டு அவளை உலர்த்தும் இயந்திரங்களுக்குப் பின்னால் கூப்பிட்டார். அங்கே பேசினால் யாருக்கும் கேட்காது. பேசுகிறவருக்கே சரியாகக் கேட்காது.

"நம்ம இஸ்திரிப் பெரியவர் ரிட்டயர் ஆனாருல்ல? அந்த நீல எடம் காலியாயிருக்கு. பெரிய டாக்டர் ஆர்டர் போட்டுட்டாரு."

"யாருக்கு?"

"உன் தங்கச்சிக்கு."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த செவ்வாய்க்கிழமை நேர்காணலாம். நிர்வாக மேடம் நேத்தே கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க."

"எடத்தை எனக்குக் குடுக்கச் சொல்லுங்க சார்."

"கேட்டேம்மா. சாமி சத்தியமா கேட்டேன். 'அக்காவா? அவங்க ஒம்போது தடவை வேலைய விட்டுப் போனவங்களாச்சே'ன்னாங்க மேடம்."

அன்று மாலை அக்கா வீட்டில் நடந்த பேச்சை நாங்கள் ஒட்டுக்கேட்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், அதிலும் பாதிதான் செங்கல்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் வேன்காரர். "நீ தங்கச்சியாயிடு. அக்கா வெளிநாடு போயிட்டான்னு சொல்லிடலாம்."

"எந்த வெளிநாடு?"

"ஏதோ ஒண்ணு. போகாத ஊருக்கு எதுக்கு அட்ரஸ்?"

"போனவ ஒரு ஃபோன் பண்ண மாட்டாளா, ஒரு லீவுக்கு வர மாட்டாளான்னு கேப்பாங்களே."

"உன்னை யாருடி கேக்கப் போறா? ஒம்போது வருஷமா யாராவது கேட்டாங்களா?"

பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும் வேகமாகக் கேட்டது. வேன்காரர் சமாதானத்துக்கு வந்தார். "மச்சினிச்சி, கோவப்படாதீங்க. டீ சாப்பிடறீங்களா?"

கரண்டி ஒன்று சுவரில் பட்டு விழுந்தது. எங்கள் பக்கத்துக் காலண்டர் ஆடியது.

"அப்பா, கொஞ்சம் இருங்க" என்றாள் மகள். கல்லூரியில் கணிதம் படிக்கிறவள். எதையும் வரிசையாகக் கேட்பாள். "அம்மா சித்தியாயிட்டா, சித்திக்குக் கல்யாணம் ஆயிடுச்சா, ஆகலையா?"

"ஆகலைன்னு வெச்சுக்கலாம். புருஷனுக்கு எங்க போறது?"

"அப்ப நீங்க யாரு?"

"நான் அக்கா புருஷன்."

"அக்கா வெளிநாட்ல. நீங்களும் சித்தியும் ஒரே வீட்ல."

வேன்காரர் இருமினார்.

"சரி, அத விடுங்க. நிரந்தரம் ஆனா குடும்பத்துக்கு வைத்தியம் இலவசம்னு சொன்னாங்க. கல்யாணம் ஆகாத சித்திக்கு நான் மகள் இல்ல, நீங்க புருஷன் இல்ல. நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணும் கிடையாது."

"நமக்கு என்ன நோயா நொடியா? உங்கம்மா முட்டி சரியானாப் போதும்."

"அப்ப அது சித்தி முட்டிப்பா. ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே அம்மா பேர்ல இருக்கு. சித்தி முட்டி நல்லா இருக்கு. ஏழாவது மாடிக்கு ஓடிப் போய்ப் பல்லக் குடுத்த முட்டி."

"லிஃப்டுல போனேன்" என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஈரத்துண்டு வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம். வெயில் தகரக் கூரையில் டிக் டிக் என்று வெடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் இருந்த ஒரே நாற்காலியை அவருக்குப் போட்டார்கள். அக்கா கட்டிலில் முட்டியை நீட்டி, ஒரு பழைய பட்டித் துணியைச் சுற்றியபடி இருந்தாள். வேன்காரர் குவளையில் டீ கொடுத்தார். ஈரத்துண்டு அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, எழுத்துத் தெரியாத பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

"பேப்பரெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். "வயசுக்கு ஒரு சர்டிபிகேட், இருப்பிடத்துக்கு ஒண்ணு. எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கான். செவ்வாய்க்கிழமை நீ வந்து தலைய ஆட்டினாப் போதும்."

"நான் வரலைன்னா?"

"தங்கச்சி எங்கன்னு என்னைக் கேப்பாங்க."

"இல்லைன்னு சொல்லுங்க."

"அப்ப வருஷா வருஷம் ரெண்டு நாள் வந்தது யாருன்னு கேப்பாங்க. எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் பதினாலு மாசம்தாம்மா இருக்கு. என் பென்ஷனைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற ஒரே ஆளு உன் தங்கச்சிதான்."

"உங்களுக்கும் வேண்டாத வேலைதானே சார் இது?" என்றார் வேன்காரர். "அன்னிக்கு 'ஆள் இல்ல, மூட்டை கிடக்குது'ன்னு மேல சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேன். 'உங்க பிரிவ நீங்கதான் சமாளிக்கணும்'னாங்க. சமாளிச்சேன்." துண்டால் கழுத்தைத் துடைத்தார். "இவள வரவழச்சா ரெண்டு நாள் கூலியாவது கிடைக்குமேன்னு நினைச்சேன். நல்லதுன்னுதான் நினைச்சேன்."

"நல்லதுதான் சார்" என்றாள் அக்கா. "நீங்க வரவழைக்கலைன்னா நான் அந்த ரெண்டு நாளும் வீட்ல உக்காந்து அழுதுக்கிட்டு இருப்பேன்."

"அதுலதான் தப்பே ஆச்சு" என்றாள் மகள் மூலையிலிருந்து. "மூட்டை நாறியிருந்தா மேல தெரிஞ்சிருக்கும்."

ஈரத்துண்டு ஆரஞ்சு ஒன்றை உரித்து, சுளைகளைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தார். எழுந்து போகும்போது வாசலில் நின்று, "மேடம் அக்காவப் பத்தி ஏதாவது சொன்னாலும் கண்டுக்காத" என்றார். "உன்னைச் சொல்ற மாதிரி எடுத்துக்காத. என்ன?"

"என்னைத்தானே சார் சொல்லுவாங்க?"

"அதான் சொல்றேன். எடுத்துக்காத."

செவ்வாய்க்கிழமை காலை அக்கா வெகு நேரம் கண்ணாடி முன்னால் நின்றாள். "தங்கச்சின்னா கொஞ்சம் சின்ன வயசாத் தெரியணுமில்ல?" என்று கேட்டாள். வேன்காரர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் தெரியறீங்க" என்றார். அவளை வேனிலேயே ஏற்றிக்கொண்டு போனார். பள்ளிப் பிள்ளைகள் நடுவில் அவள் உட்கார்ந்து போனதைத் தெருவே பார்த்தது. ஏறும்போது அவர் கையைக் கொடுத்து, "முட்டிய நினைச்சுக்கோ, வேற எதையும் நினைக்காத" என்று சொன்னது எங்கள் வாசல் வரை கேட்டது.

நிர்வாக அறை ஆறாவது மாடி. இனி நான் சொல்வதெல்லாம் அக்கா சொன்னது. மூன்று தடவை சொன்னாள், மூன்று தடவையும் மாறவில்லை.

கோட்டும் முகமூடியும் இல்லாமல், வீட்டு உடையில் போயிருந்தாள். அவள் ஒன்பது வருடம் துவைத்துக் கொடுத்த திரைச்சீலைகள் அங்கே தொங்கின. அவை தொங்குவதை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஈரத்துண்டு கதவருகே நின்றார். துண்டு இல்லை. கழுத்து என்னவோ போல் வெறுமையாக இருந்தது.

"உட்காருங்க" என்றார் நிர்வாக மேடம். சுற்றும் நாற்காலி. அக்கா உட்கார்ந்ததும் அது லேசாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. முட்டியால் தள்ளித் தன்னை மேசைக்கு நேராகக் கொண்டுவந்தாள்.

பெரிய டாக்டர் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். "இவங்கதான், இவங்கதான். எத்தனை நாளும்மா நம்ம சலவையில வேலை செஞ்சிருக்கே?"

"வருஷத்துக்கு ரெண்டு நாளுங்க."

"ரெண்டே நாள்ல இவ்வளவு சுறுசுறுப்பு! பாத்தீங்களா மேடம்? இதெல்லாம் ரத்தத்துல வர்றது."

"ரத்தத்துல வந்தா அக்காவுக்கும் வந்திருக்கணுமே சார்" என்றார் மேடம். அக்கா பக்கம் திரும்பினார். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அக்காவால எங்களுக்குக் கொஞ்சம் தயக்கம் இருக்கு. ஒன்பது தடவை வேலைய விட்டுப் போயிருக்காங்க. நிலையில்லாத சுபாவம். நீங்களும் அப்படிப் போயிட மாட்டீங்களே?"

கதவருகே ஈரத்துண்டு தரையைப் பார்த்தார்.

"அவ விடலைங்க மேடம். நீங்கதான் அனுப்பறீங்க."

"நாங்க யாரையும் அனுப்பறதில்ல. ஒப்பந்தம் முடியும், அவங்க போவாங்க. ஏன் ஒரு தடவையாவது தொடர்ந்து இருக்கணும்னு அவங்களுக்குத் தோணல?"

"வீட்ல ஏதாவது பிரச்சினையா இருக்கும்" என்றார் பெரிய டாக்டர் இரக்கத்தோடு. "வீட்டுக்காரர் குடிப்பாரோ?"

"டீதாங்க குடிப்பாரு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் அவங்க வீட்லதாங்க இருக்கேன்."

"அக்கா வீட்டுக்காரரோடயா?" மேடத்தின் புருவம் ஏறியது.

"தனி ரூமுங்க" என்றாள் அக்கா. அந்த வீட்டில் இருப்பது மொத்தமே ஒரு ரூம்.

மேடம் அதை மேலே கேட்கவில்லை. நல்லவர்தான். தண்ணீர் டம்ளரை அக்கா பக்கம் நகர்த்தி வைத்தார். "எங்களுக்கு உங்க மேல முழுத் திருப்தி. ஒரே ஒரு விஷயம். ஒரே குடும்பத்துல ரெண்டு பேர் ஒரே பிரிவுல இருக்கக் கூடாதுன்னு இங்க விதி இருக்கு. அதனால நீங்க வந்தா, உங்க அக்காவோட ஒப்பந்தத்த இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம்னு இருக்கோம். உங்களுக்கு ஆட்சேபம் இல்லையே?"

இந்தக் கேள்வி வரும் என்று ஈரத்துண்டு சொல்லியிருந்தார். வந்தால் நல்லது, ஆளைக் காணாமல் போக்கும் வேலை நமக்கு மிச்சம் என்றும் சொல்லியிருந்தார். தலையை ஆட்ட வேண்டும், அவ்வளவுதான். அக்கா அதற்காகவேதான் வந்திருந்தாள். முட்டியை நினைத்தாள். ஆறு வாரம் படுக்கையில் காலை நீட்டிப் படுத்திருப்பதை நினைத்தாள். தலையை ஆட்டப் பார்த்தாள். "கழுத்து உருளையில மாட்டின மாதிரி நின்னு போச்சு" என்று பிறகு எங்களிடம் சொன்னாள்.

"அவள ஒரு வார்த்தை கேக்கலாமே மேடம்" என்றாள்.

"யாரை?"

"எங்க அக்காவ. ஒம்போது வருஷம் இருந்திருக்கா. கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிட்டு நிறுத்தலாமே."

மேடம் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. சின்னப் பெண்ணிடம் சிரிப்பது போல. "அவங்ககிட்ட கேக்க என்ன இருக்கு? அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம். போன்னா போவாங்க, வான்னா வருவாங்க. இத்தனை வருஷத்துல ஏன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. அவங்களுக்கு வருத்தமா இருந்தா கேட்டிருக்க மாட்டாங்களா?"

"உண்மையச் சொல்லணும்னா," என்றார் பெரிய டாக்டர், "அப்படி ஒருத்தங்க கீழ இருக்காங்கன்னே எனக்கு நீ சொல்லித்தாம்மா தெரியும்."

ஈரத்துண்டு இருமினார். இல்லாத துண்டைத் தேடி அவர் கை கழுத்துக்குப் போனது. அக்கா அவரைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டவில்லை. ஆம் என்றும் ஆட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

நாற்காலி மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தது. அவள் இரண்டு கைகளாலும் மேசை விளிம்பைப் பிடித்து அதை நிறுத்தினாள்.

"சார், எனக்குத் தங்கச்சி யாரும் கிடையாது" என்றாள். "கீழ துணி பிரிக்கிறது நான்தான். நீங்க அனுப்பின ரெண்டு ரெண்டு நாளும் மஞ்சக் கோட்டப் போட்டுக்கிட்டு வந்து பிரிச்சதும் நான்தான். இந்த ஒம்போது வருஷத்துல நான் வேலைக்கு வராத நாள்னு ஒண்ணுகூட இல்ல."